தேடுபெட்டியில் விழும் கேள்வியும் கம்பெனியின் பதிலும் – ஒரு குட்டி வரலாறு

பி.ஆர்.ஓ. என்றதும் நம்மில் பலருக்கு ஞாபகம் வருவது சினிமா டைட்டிலில் வரும் ஒரு பெயர்தான். ஆனால் மக்கள் தொடர்பு என்கிற அந்தத் தொழிலுக்கு நூறு வருடத்துக்கும் மேலான வரலாறு இருக்கிறது. அதில் பெரும்பகுதி ஒரே வரிசையில்தான் ஓடியது. கம்பெனி சொல்லும், பத்திரிகை அச்சடிக்கும், மக்கள் படிப்பார்கள். கூகுளாண்டவர் வந்ததும் அந்த வரிசை தலைகீழாகிவிட்டது. இப்போது முதலில் பேசுவது மக்கள். எப்படி என்று பார்ப்போம்.

1906 அக்டோபர் 28. அமெரிக்காவில் அட்லாண்டிக் சிட்டி அருகே பென்சில்வேனியா ரயில்ரோடு கம்பெனியின் ரயில் ஒன்று பாலத்திலிருந்து தண்ணீருக்குள் விழுந்தது. ஐம்பது பேருக்கு மேல் இறந்தார்கள். அந்தக் காலத்துக் கம்பெனிகள் இப்படி ஏதாவது நடந்தால் வாயே திறக்க மாட்டார்கள். ஆனால் அந்த ரயில் கம்பெனிக்கு ஆலோசகராக இருந்த ஐவி லீ, முன்னாள் பத்திரிகைக்காரர். வதந்தி கிளம்புவதற்குள் நடந்ததை நாமே எழுதிக் கொடுத்துவிடலாம் என்றார். நியூயார்க் டைம்ஸ் அதை அப்படியே வெளியிட்டது. முதல் செய்திக்குறிப்பு என்று பொதுவாக இதைத்தான் சொல்கிறார்கள்.

அடுத்தது 1982. சிகாகோ பகுதியில் டைலினால் என்ற வலி மாத்திரையில் யாரோ சயனைடு கலந்துவிட, 7 பேர் இறந்தார்கள். தயாரிப்பாளரான ஜான்சன் அண்ட் ஜான்சன் நாடு முழுக்க சுமார் 3 கோடியே 10 லட்சம் பாட்டில்களைத் திரும்பப் பெற்றது. மக்கள் தொடர்புப் பாடத்தில் இந்தக் கதை வராமல் இருக்காது. நான் கவனிக்கச் சொல்வது இன்னொரு சின்ன விஷயத்தை. அந்தக் கம்பெனி பொதுமக்கள் கேள்வி கேட்பதற்காக ஒரு இலவச போன் நம்பரும் கொடுத்தது. “என் வீட்டில் இருக்கும் மாத்திரையைச் சாப்பிடலாமா?” என்று கேட்பவருக்கு, அறிக்கையின் முதல் பத்தியைவிட அந்த நம்பர்தான் உபயோகம்.

கூகுள் கம்பெனி 1998-ல் பிறந்தது. 2001 செப்டம்பர் 11 அன்று நியூயார்க் கோபுரங்கள் தாக்கப்பட்டபோது, செய்தித் தளங்கள் கூட்டம் தாங்காமல் திணறின. கூகுள் தன் முகப்பிலேயே, செய்தி வேண்டுவோர் டிவி, ரேடியோவைப் பாருங்கள் என்று எழுதிவைக்க வேண்டியதாயிற்று. அடுத்த வருடமே கூகுள் நியூஸ் வந்தது. அதை உருவாக்கிய கிருஷ்ண பரத் நம்ம சென்னை ஐ.ஐ.டி.யில் படித்தவர். பயம் வந்தால் மனிதன் முதலில் போய் நிற்கும் இடம் தேடுபெட்டி என்பது அன்றே தெரிந்துவிட்டது.

சரி, அங்கே என்ன வார்த்தையைத் தட்டுகிறான்? வாயில் வரும் வார்த்தையை. 2009-ல் வந்த காய்ச்சலையே பாருங்கள். ஊர் முழுக்க அதைப் ‘பன்றிக் காய்ச்சல்’ என்றது. அந்தப் பெயரே ஆபத்தானது. அது மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவிக்கொண்டிருந்த நோய். ஆனால் எகிப்து அரசு நாட்டில் இருந்த சுமார் 3 லட்சம் பன்றிகளையும் கொல்ல உத்தரவிட்டது. அதனால் உலக சுகாதார நிறுவனம் ஏப்ரல் 30 அன்று பெயரை எச்1என்1 என்று மாற்றியது. மாற்றியது நியாயம்தான். ஆனால் மக்கள் வாயில் பழைய பெயரே நின்றது. அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. இதில் புத்திசாலித்தனமாக நடந்துகொண்டது. எச்1என்1 என்று எழுதி, பக்கத்திலேயே பழைய பெயரையும் போட்டது. தவறான பெயரில் தேடி வருபவனையும் உள்ளே அழைத்துத்தானே திருத்த முடியும்?

மக்களின் வார்த்தையைப் பிடித்தால் மட்டும் போதுமா? அடுத்த வருடமே அதற்கும் பதில் கிடைத்தது. 2010 ஏப்ரல் 20 அன்று மெக்சிகோ வளைகுடாவில் பி.பி. நிறுவனத்துக்காகத் துளையிட்டுக்கொண்டிருந்த டீப்வாட்டர் ஹொரைசன் மேடை வெடித்தது. 11 தொழிலாளர்கள் இறந்தார்கள். 87 நாட்கள் எண்ணெய் கடலில் கொட்டியது. ஜூன் மாதம் பி.பி. ஒரு காரியம் செய்தது. கூகுளிலும் யாஹூவிலும் ‘ஆயில் ஸ்பில்’ போன்ற சொற்களைக் காசு கொடுத்து வாங்கியது. அப்படித் தேடினால் மேலே தெரிவது பி.பி.யின் விளம்பரம். நஷ்ட ஈட்டு விண்ணப்பம் போன்றவற்றை மக்கள் சுலபமாகக் கண்டுபிடிக்கத்தான் இது என்றது கம்பெனி. அதில் உண்மையும் இருந்தது. பிழைப்பு போன மீனவருக்கு அந்த விண்ணப்பம் தேவைதான்.

ஆனால் எல்லோரும் கேட்ட முதல் கேள்வி, “எவ்வளவு எண்ணெய் கொட்டுகிறது?” தினமும் 5,000 பீப்பாய் வரை என்று பி.பி. சொல்லிவந்தது. விஞ்ஞானிகள் குழு பிறகு கணக்கிட்டதோ தினம் 50,000 பீப்பாய்க்கு மேல்! அளவைக் குறைத்துச் சொல்லி முதலீட்டாளர்களைத் தவறாக வழிநடத்தியதாக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் குற்றம் சாட்ட, 2012-ல் பி.பி. 52.5 கோடி டாலர் கட்ட ஒப்புக்கொண்டது. முதல் இடத்தைக் காசுக்கு வாங்க முடிந்தது. அங்கே வைக்க நேர்மையான பதில்தான் இல்லை.

இந்த வரலாற்றிலிருந்து எனக்குத் தோன்றுவது இதுதான். அறிக்கை எழுதுவதற்கு முன் மக்கள் என்ன கேட்கிறார்கள், எந்த வார்த்தையில் கேட்கிறார்கள் என்று பார்க்க வேண்டும். அந்த வார்த்தை நமக்குப் பிடிக்காவிட்டாலும் அதைத் தலைப்பில் வைக்க வேண்டும். முதல் வரியிலேயே பதில் இருக்க வேண்டும். இன்னும் தெரியவில்லை என்றால் அதையும் சொல்லிவிட வேண்டும். நிலைமை மாறினால் அதே பக்கத்தைத் தேதியோடு திருத்த வேண்டும், ஏனென்றால் பழைய பக்கம் பல வருடம் கழித்தும் தேடலில் வந்து நிற்கும்.

ஐவி லீ சொன்ன “நாமே முதலில் சொல்லிவிடலாம்” இன்றைக்கும் செல்லும். கேட்பவர் இப்போது பத்திரிகை ஆசிரியர் அல்ல, ராத்திரி இரண்டு மணிக்குப் பயத்தோடு தட்டிப் பார்க்கும் ஒரு அம்மாவாக இருக்கலாம். நம் வகுப்பிலிருந்து நாளை இந்த வேலைக்குப் போகிறவர்கள் அவரை மனதில் வைத்துக்கொண்டு எழுதினால் நன்றாக இருக்கும்.