பறக்கக் காசில்லாத சுப்பர்மேன்

கிறிஸ்தோபர் றீவ் நடிச்ச கடைசி சுப்பர்மேன் படத்தை (நாலாவது, 1987) இப்ப பாத்தா எங்களுக்குச் சிரிப்புத்தான் வருது. ஆனால் அதுக்குப் பின்னால இருந்த ஆசை சிரிக்கிற விசயமில்லை. பனிப்போர் முடியாத காலம். உலகத்து அணுவாயுதங்களைச் சுப்பர்மேன் வலையில் அள்ளிச் சூரியனுக்குள் எறிகிறான். இந்தக் கதையை உருவாக்கியதில் றீவுக்கும் பங்குண்டு.

தயாரித்த கனன் நிறுவனம் மலிவுப் படங்களுக்குப் பேர்போனது. றீவைத் திரும்பக் கூட்டிவர, அவர் விரும்பிய 'ஸ்ட்ரீட் ஸ்மார்ட்' படத்துக்கும் காசு போட்டது. (மோர்கன் ஃப்ரீமனுக்கு முதல் ஒஸ்கார் பரிந்துரை கிடைச்சது அதிலதான்!) பிறகு கனனுக்கே காசு முட்டுப்பட, சுப்பர்மேன் செலவைப் பாதியளவுக்கு வெட்டினார்கள். நியூயோர்க் ஐ.நா. தலைமையகத்துக்கு வெளியே நடக்கும் காட்சியை இங்கிலாந்தின் மில்டன் கீன்ஸில் எடுத்தார்கள். அவன் எங்களை நோக்கிப் பறந்துவரும் அதே ஷொட் திரும்பத் திரும்ப வருது. 1978இல் ரிச்சர்ட் டொன்னரின் முதற்படம், ஒரு மனிசன் பறப்பான் என்று நம்பவைத்தது. அந்தத் தொடர் இப்படிக் கவிழ்ந்தது.

றீவில் எங்களுக்குக் கோபமில்லை. அந்த அரைகுறைப் படத்திலும் ஐ.நா. உரையை அவர் மனசார நம்பித்தான் பேசுகிறார். படம் வந்து ஐந்து மாதத்துக்குள், அதே டிசம்பரில், ரேகனும் கொர்பச்சேவும் நடுத்தூர அணு ஏவுகணைகளை ஒழிக்கும் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். சுப்பர்மேன் திரும்பத் தியேட்டருக்கு வர 2006 ஆச்சு, வேறொரு நடிகரோடு.