கொடிகளும் பதக்கங்களும்: பன்னாட்டுப் பந்தயங்களில் வியட்நாம், 1952 முதல் 2024 வரை

ஒரு தேசத்தின் விளையாட்டுச் சரித்திரத்தை ஆராயப் புகுவோர், அத்தேசம் இத்தனை பொன், இத்தனை வெள்ளி, இத்தனை வெண்கலம் பெற்றது என்ற கணக்கோடு தொடங்கி அக்கணக்கோடேயே முடித்துவிடுவது வழக்கமாயிருக்கிறது. வியட்நாமைப் பொறுத்தவரையில் இம்முறை போதாது. ஏனெனில் அந்நாட்டு வீரர்கள் சர்வதேசப் பந்தயக் களங்களில் இறங்கிய முதல் இருபத்தைந்து ஆண்டுகளில் அவர்கள் என்ன வென்றார்கள் என்பதைவிட, யாருடைய பெயரால், எந்தக் கொடியின் கீழ் நின்றார்கள் என்பதே பிரதான விஷயமாயிருந்தது. அதற்குப் பிந்திய காலத்திலோ, தென்கிழக்கு ஆசியாவில் முதலிடத்தைப் பிடித்த ஒரு நாடு ஒலிம்பிக் மேடையில் ஏன் ஒரு கை விரல்களால் எண்ணத்தக்க பதக்கங்களோடு நிற்கிறது என்ற வினா எழுகிறது. இவ்விரண்டையும் ஒன்றோடொன்று சேர்த்துப் பார்த்தாலொழிய அந்நாட்டின் விளையாட்டு வளர்ச்சியின் உண்மை வடிவம் புலப்படாது என்பது என் அபிப்பிராயம்.

வியட்நாம் என்ற பெயர் ஒலிம்பிக் அணிவகுப்பில் முதன்முதலில் தோன்றியது 1952-ஆம் ஆண்டு ஹெல்சிங்கியில். அப்போது அங்கே சென்றவர்கள், பாவ் தாய் மன்னரைத் தலைவராகக் கொண்டு பிரெஞ்சு ஐக்கியத்துக்குள் அடங்கியிருந்த வியட்நாம் அரசின் பிரதிநிதிகள். நாட்டின் வட பகுதியிலும் மலைப் பிரதேசங்களிலும் பிரெஞ்சுப் படைகளோடு மூண்ட யுத்தம் அச்சமயம் உச்சத்தை நெருங்கிக்கொண்டிருந்தது. இரண்டாண்டு கழித்து, 1954 மே மாதம் 1-ஆம் தேதி முதல் 9-ஆம் தேதி வரையில் மணிலாவில் நடந்த இரண்டாவது ஆசிய விளையாட்டுகளில் அவ்வரசின் வீரர்கள் கலந்துகொண்டார்கள். அந்த ஒன்பது நாட்களுக்குள்ளாகவே, மே 7-ஆம் தேதி, தியன் பியன் பூ கோட்டை வீழ்ந்து, இந்தோசீனாவில் பிரெஞ்சு ஆதிக்கத்தின் முடிவு நிச்சயமாயிற்று. தாங்கள் எந்த அரசின் பெயரால் களத்தில் நிற்கிறோமோ அந்த அரசின் அஸ்திவாரமே தாயகத்தில் ஆட்டங்கண்டுகொண்டிருக்க, அவ்வீரர்கள் அயலூர் மைதானத்தில் அணிவகுத்து நின்ற நிலை, விளையாட்டுச் சரித்திரத்தில் விசித்திரமானது.

ஜினீவா உடன்படிக்கையால் பதினேழாவது அட்சரேகையை ஒட்டி நாடு இரண்டுபட்ட பின்னர், ஒலிம்பிக் அங்கீகாரம் தெற்கிலிருந்த சைகோன் அரசுக்கே உரியதாயிற்று. 1956 முதல் 1972 வரையில் நடந்த ஒவ்வொரு ஒலிம்பிக்கிலும் தென் வியட்நாம் சிறு சிறு குழுக்களை அனுப்பி வந்தது. பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. ஆனால் ஆசிய அரங்கில் அதற்கு இரண்டு சிறந்த சாதனைகள் உண்டு. 1958-ஆம் ஆண்டு டோக்கியோவில் நடந்த மூன்றாவது ஆசிய விளையாட்டுகளில், மேஜைப் பந்தாட்டத்தில் உலகத்தையே ஆண்டுகொண்டிருந்த ஜப்பானியரின் சொந்த மண்ணில், ஆடவர் குழுப் போட்டியிலும், மாய் வான் ஹோவா, டிரான் கான் துவோக் என்னும் இருவர் சேர்ந்தாடிய இரட்டையர் போட்டியிலும் தென் வியட்நாம் பொற்பதக்கம் பெற்றது. மறு ஆண்டு டிசம்பரில் பாங்காக்கில் தொடங்கிய தென்கிழக்கு ஆசியத் தீபகற்ப விளையாட்டுகளில், இறுதியாட்டத்தில் தாய்லாந்தை 3-1 என்ற கணக்கில் அதன் தலைநகரிலேயே வென்று, கால்பந்துப் பொற்பதக்கத்தையும் அந்நாடு கைக்கொண்டது. இந்த வெற்றி, அதை அடைந்த ஆட்சி அழிந்த பின்னரும் அறுபது ஆண்டு காலம் வியட்நாமியர் மனத்திலிருந்து அகலாதிருந்ததைப் பின்னர் காண்போம்.

வடக்கிலே நிலை வேறு. 1946 மார்ச் மாதத்தில், சுதந்திரப் பிரகடனம் செய்து ஏழு மாதங்கூட ஆகாத வேளையில், தேசத்தைக் கட்டுவதற்கும் புதுவாழ்வு அமைப்பதற்கும் தேகபலம் இன்றியமையாதது என்று வலியுறுத்தி ஒவ்வொருவரும் நாள்தோறும் தேகாப்பியாசம் செய்யவேண்டுமென ஹோ சி மின் விடுத்த வேண்டுகோள், இன்றும் அந்நாட்டு விளையாட்டுத் துறையின் ஆதார சாசனமாகக் கருதப்படுகிறது; அது வெளியான மார்ச் 27-ஆம் தேதியே அங்கு விளையாட்டுத் தினமாகக் கொண்டாடப்படுகிறது. ஆயினும் ஹனோய் அரசின் வீரர்களுக்கு ஒலிம்பிக் கதவு ஒருகாலும் திறக்கவில்லை. அவர்களுக்குக் கிடைத்த களம் வேறொன்று. 1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டுகளை நடத்திய இந்தோனேசியா, தைவானுக்கும் இஸ்ரேலுக்கும் அனுமதி மறுத்ததன் பயனாகச் சர்வதேச ஒலிம்பிக் சங்கத்தின் தண்டனைக்கு ஆளாகவே, அதிபர் சுகார்ணோ 1963-இல் புதிதாக எழும் சக்திகளின் விளையாட்டுகள் என்னும் பெயரில் ஒரு மாற்று விழாவைக் கூட்டினார். அதிலும், 1966-இல் நோம் பென்னில் நடந்த அதன் ஆசியக் கிளையிலும் வட வியட்நாம் கலந்துகொண்டது. ஒரே மொழி பேசும் ஒரே இனத்தாரில் ஒரு பகுதியார் ஒலிம்பிக் பந்தியிலும், மற்றொரு பகுதியார் அதற்கு எதிர்ப் பந்தியிலும் அமர்ந்திருந்த காலம் அது.

1975-இல் சைகோன் வீழ்ந்தது. அடுத்த ஆண்டு நாடு ஒன்றாயிற்று. ஒன்றுபட்ட வியட்நாம் முதன்முதலாக ஒலிம்பிக்கில் தோன்றியது 1980-இல் மாஸ்கோவில். ஆப்கானிஸ்தான் விவகாரத்தை முன்னிட்டு அமெரிக்காவும் அதன் தோழமை நாடுகளும் ஒதுங்கி நின்ற அந்த விழாவுக்குச் சென்ற வியட்நாம், நான்காண்டு கழித்து சோவியத் அணி லாஸ் ஏஞ்சலிஸைப் பகிஷ்கரித்தபோது தானும் பகிஷ்கரித்தது. இவ்விரண்டுக்கும் நடுவே, 1982-இல் நமது டில்லி மாநகரில் நடந்த ஆசிய விளையாட்டுகளில் ஒன்றுபட்ட வியட்நாம் முதன்முறையாகப் பங்குகொண்டு, துப்பாக்கி சுடுதலில் ஒரு வெண்கலம் பெற்றுச் சென்றது. அந்தச் சிறு வெண்கலம் பிற்காலத்தில் எந்தத் துறையில் அந்நாட்டுக்கு மகத்தான கீர்த்தி வரவிருந்தது என்பதற்கு முன்னறிகுறிபோல் அமைந்திருப்பது, யதேச்சையானதேயாயினும், குறிப்பிடத்தக்கது.

அண்டை நாடுகளின் விளையாட்டு விழாவுக்குள் மீண்டும் நுழைவதற்கு இன்னும் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டியிருந்தது. 1978-இன் இறுதியில் கம்போடியாவுக்குள் புகுந்த வியட்நாமியப் படைகள் அங்கே தங்கியிருந்த காலமெல்லாம் ஆசியான் நாடுகளுடன் ஹனோய்க்குச் சுமுகமான உறவு இல்லை. 1989 செப்டம்பரில் அப்படைகள் கம்போடியாவை விட்டு முற்றிலும் வெளியேறின. அதற்குச் சற்று முன்னர், ஆகஸ்டு மாதத்தில், பழைய தீபகற்ப விளையாட்டுகளின் தொடர்ச்சியாகக் கோலாலம்பூரில் கூடிய தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகளில் வியட்நாமியக் கொடி மீண்டும் பறந்தது. 1986-இல் தொடங்கிய பொருளாதாரச் சீர்திருத்தமும், படை விலகலும், பந்தயக் களத்துக்கு மீள்வதும் ஒரே ராஜ்ய நீதியின் மூன்று அங்கங்கள் என்று கொள்வதே பொருத்தம்.

மீண்டு வந்தபோது பெற்ற பொற்பதக்கங்கள் மூன்று. பின்னர் மணிலாவில் 7, சிங்கப்பூரில் 9, நாடு ஆசியானில் சேர்ந்த 1995-இல் சியாங் மாயில் 10, 1997-இல் ஜகார்த்தாவில் 35 என்று அத்தொகை ஏறியது. 2003-இல் ஹனோயிலும் ஹோ சி மின் நகரிலும் வியட்நாமே விழாவை ஏற்று நடத்தியபோது 158 பொற்பதக்கங்களோடு முதலிடம் பெற்றது. 2022 மே மாதத்தில் மறுபடியும் ஹனோயில் நடந்தபோது 205. மறு ஆண்டு நோம் பென்னில், அயல் மண்ணில் முதல்முறையாக முதலிடம் பெற்று, 136.

இவ்வெண்களைக் கண்டு மயங்குவது ஆராய்ச்சியாளனுக்கு அழகன்று. தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகளில் எந்தெந்தப் போட்டிகளைச் சேர்ப்பது, எவற்றை நீக்குவது என்பதில் விழா நடத்தும் நாட்டுக்குப் பெரும் செல்வாக்கு உண்டு. ஆகையால் ஒவ்வொரு நாடும் தன் முற்றத்தில் பந்தி போடும்போது தனக்குப் பிடித்த பதார்த்தங்களையே முதலில் பரிமாறிக்கொள்கிறது. வியட்நாம் 2003-இல் இறகுப்பந்தைக் காலால் உதைத்தாடும் தன் நாட்டு ஆட்டத்தைச் சேர்த்துக்கொண்டது; அதன் சொந்தப் போர்க்கலையாகிய வோவினாமும் பின்னர் இடம்பெற்றது. கம்போடியா தன் முறை வந்தபோது குன் பொக்காத்தோர் என்னும் தன் புராதனப் போர்க்கலையை நுழைத்தது. இதிலே ஒரு நாட்டை மட்டும் குறைகூறுவதற்கில்லை. ஆனால் இப்பட்டியலின் உச்சியில் நிற்பதை விளையாட்டு வல்லமையின் அளவுகோலாகக் கொள்வது சரியன்று.

உண்மையான அளவுகோலை வேறிடத்தில் தேடவேண்டும். வியட்நாமின் விளையாட்டு நிர்வாகிகள், உயரமும் உடற்பருமனும் வெற்றியை நிர்ணயிக்கும் துறைகளில் தம் மக்களால் உலகத்தோடு எளிதில் போட்டியிட இயலாது என்பதை உணர்ந்து, எடைப் பிரிவுகளால் உடல் வேற்றுமை சமனாக்கப்படும் போர்க்கலைகளிலும் பளுதூக்குதலிலும், உடற்பருமனே பொருட்படாத துப்பாக்கி சுடுதலிலும் தம் சொற்பப் பொருளைச் செலவிட்டார்கள். 1994-இல் ஹிரோஷிமாவில் டிரான் குவாங் ஹா டேக்வாண்டோவில் பொற்பதக்கம் பெற்றது, ஒன்றுபட்ட வியட்நாமின் முதல் ஆசியப் பொன். அத்துறை முழு அந்தஸ்துடன் ஒலிம்பிக்கில் சேர்க்கப்பட்ட முதல் விழாவாகிய 2000-ஆம் ஆண்டு சிட்னியில், அப்போது நடுக்கடற்கரை மாகாணமாயிருந்த ஃபூ யென்னைச் சேர்ந்த டிரான் ஹியூ ஙான் என்னும் மங்கை 57 கிலோ பிரிவில் இறுதிப் போட்டிவரை சென்று, தென் கொரிய வீராங்கனையிடம் தோற்று வெள்ளி பெற்றார். ஹெல்சிங்கிக்கும் சிட்னிக்கும் இடையே நாற்பத்தெட்டு ஆண்டுகள். வியட்நாமின் முதல் ஒலிம்பிக் பதக்கம் அதுவே. 2008-இல் பெய்ஜிங்கில், 56 கிலோ பிரிவில் மொத்தம் 290 கிலோ தூக்கி, இரண்டே கிலோ வித்தியாசத்தில் சீன வீரருக்குப் பின்னால் வந்த ஹோவாங் ஆன் துவான் இரண்டாவது வெள்ளியைக் கொணர்ந்தார். அதே பிரிவில் 2012-இல் லண்டனில் நான்காவதாக வந்த டிரான் லே குவோக் தோவான், தனக்கு முன்னே நின்ற அஸர்பைஜான் வீரர் ஊக்க மருந்து உபயோகித்தது பின்னர் ருசுவானதால், பல ஆண்டுகள் கழித்து வெண்கலத்துக்கு உரியவரானார்.

லண்டனில் வேறொருவரும் நான்காவதாக வந்தார். ஐம்பது மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் வெண்கலத்துக்கும் அவருக்கும் இடையே இருந்தது 0.1 புள்ளி. ராணுவ அதிகாரியாகிய ஹோவாங் சுவான் வின் என்னும் அவர், நான்காண்டு கழித்து, நாற்பத்தோராவது வயதில், ரியோ நகருக்குச் சென்றார். அந்நாட்டுத் துப்பாக்கி வீரர்கள் பயிற்சி செய்த நிலையை இங்கே சொல்லியாகவேண்டும். உலகப் போட்டிகளெல்லாம் மின்னணு இலக்குகளில் நடக்கும் காலத்தில் அவர்கள் தாயகத்தில் காகித இலக்குகளைச் சுட்டுப் பழகினார்கள், குண்டுகளுக்கும் பஞ்சம், வெளிநாடு சென்றபோதுதான் நவீன சாதனங்களில் பயிலும் வாய்ப்புக் கிடைத்தது. 2016 ஆகஸ்டு 6-ஆம் தேதி, பத்து மீட்டர் காற்றுக் கைத்துப்பாக்கி இறுதிப் போட்டியில் எஞ்சி நின்ற இருவரில் ஒருவர் வின், மற்றவர் பிரேசில் நாட்டு ஃபெலிப்பே வூ. சொந்த நாட்டவருக்காக ரசிகர் கூட்டம் ஆர்ப்பரித்துக்கொண்டிருந்தது. கடைசிக் குண்டுக்கு முன்னர் வின் சற்றே பின்தங்கியிருந்தார். அக்குண்டில் அவர் பெற்றது 10.7. மொத்தம் 202.5 என்ற ஒலிம்பிக் சாதனையுடன், 0.4 புள்ளி வித்தியாசத்தில், வியட்நாமின் முதல் ஒலிம்பிக் பொன் கிட்டியது. சில தினங்களுக்குள் ஐம்பது மீட்டர் போட்டியில் தென் கொரியாவின் ஜின் ஜோங் ஓவுக்கு அடுத்தபடியாக வெள்ளியும் பெற்றார். இவ்வெற்றியின் பின்னணியில் நுயென் தி ஞுங் என்னும் பெண் பயிற்சியாளரும், பார்க் சுங் குன் என்னும் கொரிய நிபுணரும் இருந்தார்கள். போர்க்காலத்தில் எதிரணியில் படை அனுப்பிய நாட்டிலிருந்து வந்த ஒருவர் வியட்நாம் ராணுவ அதிகாரிக்கு நுணுக்கம் கற்பித்தார் என்பதில், காலம் எவ்வளவு தூரம் சென்றுவிட்டது என்பது விளங்கும்.

அதே ரியோ நகரில், அடுத்த மாதம் நடந்த மாற்றுத்திறனாளர் ஒலிம்பிக்கில், பிறவியிலேயே கால்கள் வலுவற்ற லே வான் கோங், படுத்த நிலையில் பளுவை நெஞ்சுக்கு மேல் ஏற்றும் போட்டியின் 49 கிலோ பிரிவில் 183 கிலோ தூக்கி, உலக சாதனையோடு பொற்பதக்கம் பெற்றார். டோக்கியோவில் வெள்ளி, பாரிஸில் வெண்கலம் என்று மூன்று விழாக்களிலும் மேடையேறிய அவரைப் பற்றி எழுதுவோர் அருகியே காணப்படுவது வருந்தத்தக்கது.

ஓட்டத்திலும் நீச்சலிலும் நாட்டின் மானத்தைக் காத்தவர்கள் பெரும்பாலும் பெண்களே. மேக்கோங் கழிமுகப் பிரதேசத்திலுள்ள கான் தோவில் பிறந்த நுயென் தி ஆன் வியென் 2015-இல் சிங்கப்பூரில் நடந்த தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகளில் நீச்சலில் மட்டும் எட்டுப் பொற்பதக்கங்கள் வென்றார். 2018-இல் ஜகார்த்தாவில் நீளம் தாண்டுதலில் புய் தி து தாவ் பெற்ற பொன், ஆசிய விளையாட்டுகளின் தடகளப் பிரிவில் வியட்நாமுக்குக் கிடைத்த முதற்பொன். 2023-இல் நோம் பென்னில் 1500 மீட்டர் ஓட்டத்தில் வென்ற நுயென் தி ஓவான், அரைமணி நேரத்துக்குள் மீண்டும் களமிறங்கி 3000 மீட்டர் தடை ஓட்டத்திலும் வென்றார். போட்டி அட்டவணையின் கொடுமையை அவருடைய நெஞ்சுரம் வெற்றிகொண்டது.

ஆடவர் கால்பந்துக்கோ 1959-இன் நினைவே ஒரு பாரமாயிருந்தது. ஒன்றுபட்ட நாட்டின் அணிகள் இறுதியாட்டம் வரை பலமுறை சென்று தோற்றுத் திரும்பின. கடைசியில் 2019 டிசம்பரில், தென்கிழக்கு ஆசிய விளையாட்டுகளின் இறுதியாட்டத்தில், கொரியப் பயிற்சியாளர் பார்க் ஹாங் சியோவின் கீழ், இந்தோனேசியாவை 3-0 என்று வென்று அப்பொன்னை மீட்டார்கள். அந்த ஆட்டம் நடந்தது மணிலாவின் ரிஸால் நினைவு மைதானத்தில். 1954-இல் தியன் பியன் பூ வீழ்ந்த வாரத்தில் ஆசிய விளையாட்டுகள் நடந்த அதே மைதானம்.

பெருமையைப் போலவே நிதானத்தையும் இச்சரித்திரம் காட்டுகிறது. பதினெட்டாவது ஆசிய விளையாட்டுகளை நடத்தும் உரிமை 2012-இல் ஹனோய்க்கு வழங்கப்பட்டது. பொருளாதார நிலை இடங்கொடாதென்று 2014 ஏப்ரலில் பிரதமர் நுயென் தன் சுங் அதைத் துறந்தார். கடன்பட்டு மைதானங்கள் கட்டிப் பின்னர் பாழாக விடும் நாடுகள் மலிந்த உலகத்தில், இத்துறவு ஒரு பொற்பதக்கத்துக்கு ஈடானது என்றே நான் மதிக்கிறேன்.

ரியோவுக்குப் பின்னர் வந்த டோக்கியோ ஒலிம்பிக்கில் வியட்நாமுக்குப் பதக்கம் இல்லை. 2023-இல் ஹாங்சோ ஆசிய விளையாட்டுகளில், துப்பாக்கி வீரர்களின் குடும்பத்தில் பிறந்த ஃபாம் குவாங் ஹுய், வின் வென்ற அதே பத்து மீட்டர் கைத்துப்பாக்கிப் போட்டியில் பொன் பெற்றார். 2024-இல் பாரிஸில் அதே போட்டியின் மகளிர் பிரிவில் திரின் து வின் என்னும் இளம் வீராங்கனை நான்காவதாக வந்தார். நாட்டுக்குப் பதக்கம் ஒன்றும் கிட்டவில்லை. தென்கிழக்கு ஆசிய விழாக்களில் நூற்றுக்கணக்கான பொற்பதக்கங்களைக் குவித்த அந்நாட்டின் ஒலிம்பிக் ஏட்டில், பாரிஸ் முடிந்தபோதும், 2016 ஆகஸ்டு 6-ஆம் தேதி பெற்ற அந்த ஒரே பொன்தான் இருந்தது.