பேட்டர்ஸ் ரோட்டின் சென்ட்ரல் லாக் காலம்

சென்னையில் காருக்கு எதையாவது மாட்ட வேண்டுமென்றால் இரண்டு இடம். பழைய சாமான் என்றால் எழும்பூரை ஒட்டிய புதுப்பேட்டை. புதுசு என்றால் அண்ணா சாலையிலிருந்து ராயப்பேட்டைப் பக்கம் பிரியும் ஜெனரல் பேட்டர்ஸ் ரோடு. சீட் கவர், சன் ஃபிலிம், ஹார்ன், ஸ்டீரியோ என்று அங்கே விற்காத சரக்கு இல்லை. தொண்ணூறுகளின் பிற்பாதியில் நான் எலக்ட்ரிக்கல் வேலை கற்றுக்கொண்டது அந்த ரோட்டை ஒட்டிய சந்துக் கடை ஒன்றில். கடைக்குச் சோறு போட்டவை ஸ்டீரியோவும் சென்ட்ரல் லாக்கும்தான். ஸ்டீரியோவின் கதையைச் சொல்ல ஆள் இருக்கிறார்கள். லாக் தொழில் ஓஹோவென்று நடந்து ஓய்ந்த கதையை, ஸ்க்ரூடிரைவர் பிடித்தவன்தான் சொல்ல வேண்டும்.

அதற்கு முன்பு காரைப் பூட்டுவது கொஞ்சம் மெனக்கெட வேண்டிய காரியம். அம்பாசடரும் பியட்டும் நம்ம வண்டலூரில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஓடிய நாளில், மற்றக் கதவுகளை உள்ளேயிருந்தே பூட்டிவிட்டு, கடைசியாக இறங்குகிற கதவைச் சாவி போட்டுப் பூட்டுவார்கள். பூட்டிய பிறகும் மனசு ஆறாது. வாடகை வண்டி டிரைவர்கள் ஒரு சுற்றுச் சுற்றி ஒவ்வொரு கைப்பிடியையும் இழுத்துப் பார்த்துவிட்டுத்தான் டீக்கடைக்கு நகர்வார்கள். வயசான அம்பாசடரில் பின்கதவைக் கயிறு போட்டுக் கட்டியிருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

1983 டிசம்பர் 14-ஆம் தேதி முதல் மாருதி 800-இன் சாவியை இந்திரா காந்தி வாடிக்கையாளர் கையில் கொடுத்தார். அந்த வண்டியிலும் சென்ட்ரல் லாக் கிடையாது. ஆனால் டிரைவர் வைத்துக்கொள்ளாமல் தானே ஓட்டிக்கொள்கிற ஆட்களை அது ஊர் ஊராகப் பெருக்கியது. டாக்டர், பேங்க் மேனேஜர், பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவிட்டு ஆபீஸுக்கு ஓடும் அம்மா. நாலு கதவையும் சுற்றிவந்து இழுத்துப் பார்க்க அவர்களுக்கு ஏது பொழுது? எங்கள் பிழைப்புக்கு விதை விழுந்தது அங்கேதான்.

மின்சாரத்தால் கதவைப் பூட்டும் யோசனை ரொம்பப் பழசு. அமெரிக்காவின் ஸ்கிரிப்ஸ்-பூத் கம்பெனி 1910களின் நடுவிலேயே செய்து பார்த்தது, பெரிதாகச் சீண்டுவாரில்லை. 1956-இல் பேக்கார்டு மறுபடி கொண்டுவந்த பிறகுதான் சொகுசு வண்டிகளில் அது ஒட்டிக்கொண்டது. பென்ஸ்காரர்கள் வேறு வழி பிடித்தார்கள்: வேக்குவத்தைச் சின்னக் குழாய் வழியாகக் கதவுக்குக் கொண்டுபோனார்கள். பழைய பென்ஸ் ஒன்று எங்கள் கடைக்கு வந்தபோது, பூட்டை இழுக்கும் வயரைத் தேடிய பையன்கள் அங்கே குழாயைக் கண்டு விழித்தோம். அதில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், நாலு கதவும் மக்கர் பண்ணும்.

அதே 1956-இல் ஃபோர்டு கம்பெனி கதவின் கொக்கியை மாற்றியது; அதற்குக் காரணம் சொகுசு அல்ல. கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஹியூ டிஹேவன் என்பவர் தொடங்கிவைத்த விபத்து ஆராய்ச்சி, மோதலில் கதவு திறந்து வெளியே தூக்கி வீசப்படுகிறவர், உள்ளேயே கிடப்பவரைவிடப் பல மடங்கு அதிகமாகச் சாகிறார் என்று காட்டியிருந்தது. தெறித்து விழுந்ததால்தான் பிழைத்தார் என்று நம்மூரில் இன்றைக்கும் சொல்கிறார்கள், கணக்கு நேரெதிர். 1968 ஜனவரி 1 முதல் அமெரிக்காவில் கதவுப் பூட்டுக்கென்றே 206 என்ற எண்ணில் ஒரு தரவிதி அமலுக்கு வந்தது. வண்டி உருளும்போது வெளிக் கைப்பிடி எதிலாவது பட்டால், பூட்டாத கதவு திறந்துகொள்ளலாம். பூட்டிய கதவில் அந்தக் கைப்பிடிக்கும் கொக்கிக்கும் தொடர்பு விட்டிருக்கும். இப்போதைய கார்கள் கொஞ்சம் வேகம் எடுத்ததுமே டக்கென்று தாமாகப் பூட்டிக்கொள்வதற்கு இதுவும் ஒரு காரணம். எங்கள் வாடிக்கையாளர் எவரும் இதற்காக லாக் மாட்ட வரவில்லை என்பது வேறு விஷயம். அவர்கள் பயந்ததெல்லாம் சிக்னலில் கதவைத் திறந்து கைப்பையைப் பறிப்பவனுக்கும், பின்சீட்டில் நின்றுகொண்டு கைப்பிடியை நோண்டும் சொந்தப் பிள்ளைக்கும்தான்.

ஒரு செட் என்பது நாலு மோட்டார், ஒரு கண்ட்ரோல் யூனிட், வயர்க் கொத்து, சைக்கிள் போக்ஸ் கம்பி மாதிரி நீளக் கம்பிகள், வரிசையாக ஓட்டை போட்ட தகரப் பட்டைகள். டிரைவர் கதவு மோட்டாருக்கு ஐந்து வயர், மற்ற மூன்றுக்கும் இரண்டிரண்டு. அந்த இரண்டில் பிளஸ்ஸும் மைனஸும் இடம் மாறினால் மோட்டாரின் தண்டு வெளியே தள்ளும், அல்லது உள்ளே இழுக்கும். பூட்டுவதும் திறப்பதும் அவ்வளவுதான். டிரைவர் கதவில் கூடுதலாக வரும் மூன்று வயர், அந்தக் கதவு பூட்டியிருக்கிறதா திறந்திருக்கிறதா என்று யூனிட்டுக்குச் சேதி சொல்ல. பையனின் கைப்பக்குவம் கதவின் உள் பேடைக் கழற்றும்போதே தெரிந்துவிடும். அவசரப்பட்டு இழுத்தால் கிளிப் உடையும். அப்புறம் அந்தக் கதவு ஆயுசுக்கும் கடகடக்கும். பேடுக்குப் பின்னால் ஒட்டியிருக்கும் பிளாஸ்டிக் ஷீட்டைக் கிழிக்காமல் உரித்து, மோட்டாரைத் தகரத்தில் நிறுத்தி, அதன் கம்பியைப் பூட்டின் கம்பியோடு சின்னக் கிளாம்பில் சேர்க்க வேண்டும். இரண்டும் ஒரே கோட்டில் ஓட வேண்டும். ஒரு நூல் சாய்ந்தாலும் மோட்டார் முக்கும், பூட்டு நகராது. கடைசியாக வயரைக் கதவுக்கும் தூணுக்கும் நடுவில் ரப்பர் புஷ் வழியாக எடுப்போம். தினமும் மடங்கி விரிகிற இடம் அது. கொஞ்சம் தாராளமாக விடாவிட்டால் வயர் அங்கேதான் அறும்.

வண்டியை ஒப்படைக்கும் முன் எங்கள் முதலாளி பாய் ஒரு சோதனை வைத்திருந்தார். ஒரு பையனை உள்ளே உட்காரவைத்து, நாலு கதவையும் லாக் போட்டுவிட்டு, பானெட்டைத் தூக்கிப் பேட்டரி டெர்மினலைக் கழற்றுவார். உள்ளே இருப்பவன் ஒவ்வொரு கதவாகக் கையாலேயே திறந்து இறங்கிக் காட்ட வேண்டும். "கரண்ட் போனா கதவும் கூடப் போயிடக் கூடாதுடா தம்பி" என்பார். கம்பி இறுகி ஒரு குமிழ் எழும்பாவிட்டாலும் மறுபடி பேடைக் கழற்றியாக வேண்டும். இருட்டுகிற நேரத்தில் இது நடந்தால் வாய்க்குள்ளேயே அவரை வைவோம். எல்லாக் கடையிலும் இந்த வழக்கம் இருந்ததாகச் சொல்ல மாட்டேன். நாலு கதவும் சேர்ந்து சத்தம் போட்டாலே பில் எழுதிய கடைகள்தான் அதிகம்.

பிறகு ரிமோட். 1980களின் தொடக்கத்தில் பிரான்சின் ரெனோ ஃபுவேகோ காரில் வந்தது, எங்கள் சந்துக்குள் நுழையப் பல வருஷம் ஆனது. மலிவு ரிமோட்டைப் பிரித்தால் உள்ளே 2262 என்று எழுதிய பதினெட்டுக் கால் சில்லு இருக்கும். போர்டில் எட்டு இடத்தில் ஈயம் வைத்து, மேலே, கீழே, வெறுமனே என மூன்று விதமாக எண் அமைக்கலாம். கூட்டிப் பார்த்தால் 6,561 சேர்க்கை. நடைமுறையில் ஈயம் வைக்கச் சோம்பல்பட்டு வந்த எண்ணிலேயே மாட்டிவிட்டால், ஒரு பொத்தானுக்கு எதிர்வரிசை வண்டியும் விளக்கைச் சிமிட்டும். அந்த எண் மாறவே மாறாது என்பதால், காற்றில் போவதைப் பிடித்துவைத்துத் திருப்பி அனுப்புகிறவனுக்கும் கதவு திறக்கும். இதற்கு மருந்து தென்னாப்பிரிக்காவிலிருந்து வந்தது. நானோடெக் என்ற கம்பெனியில் 1980களின் நடுவில் உருவான கீலாக் முறையில் ஒவ்வொரு அழுத்தலுக்கும் எண் மாறும். 1995-இல் அமெரிக்காவின் மைக்ரோசிப் கம்பெனி அதை வாங்கி எட்டுக் கால் சில்லாக உலகம் முழுக்க விற்றது. 2008-இல் ஜெர்மனியின் போஹும் பல்கலைக்கழகத்தார் அதையும் உடைத்துக் காட்டினார்கள். பேட்டர்ஸ் ரோட்டில் அது சேதியாகக்கூட எட்டவில்லை.

ரிமோட் கூட்டிவந்த புதுத் தலைவலி தானாகப் பூட்டிக்கொள்வது. பொத்தானால் திறந்துவிட்டு அரை நிமிஷத்துக்குள் கதவைத் திறக்காவிட்டால், திருடன் பயத்தில் யூனிட் மறுபடி பூட்டிவிடும். டிக்கியை மட்டும் திறந்து, சாவியை உள்ளே வைத்துவிட்டுச் சாமான் இறக்குகிற மனுஷன் கதி என்ன? போன் வரும். பையன் ஸ்டீல் ஸ்கேலோடு ஓடுவான். கண்ணாடிக்கும் பீடிங்குக்கும் நடுவில் ஸ்கேலை இறக்கி, உள்ளே கம்பியைத் தடவிப் பிடித்துத் தட்டுகிற வித்தை அது. கதவுக்குள் எது எங்கே ஓடுகிறது என்று மாட்டியவனுக்குத்தானே தெரியும்.

பாயின் பேட்டரிச் சோதனையின் அருமை எனக்கு விளங்கியது கல்யாணமாகிப் பிள்ளை பிறந்த பிறகு. மூடிய காரில் வெப்பம் ஏறுவதை 2005-இல் அமெரிக்காவில் அளந்தார்கள்: ஒரு மணி நேரத்தில் சராசரியாக 22 டிகிரி செல்சியஸ் கூடியது, அதில் ஐந்தில் நாலு பங்கு முதல் அரை மணியிலேயே. 2022 ஜூனில் திருநெல்வேலி மாவட்டம் பணகுடி பக்கம் நின்றிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று குழந்தைகள் உயிரோடு வெளியே வரவில்லை. பெரியவர்களுக்கும் பயம் இருந்தது. 2014 டிசம்பரில் டெல்லியில் வாடகைக் காரில் ஒரு பெண்ணுக்கு நேர்ந்த கொடுமைக்குப் பின், டிரைவர் கைப் பூட்டு பின்சீட்டுக்காரருக்குச் சிறையாகலாமா என்று நாடே கேட்டது. 2019 ஜூலை 1 முதல் இந்தியாவில் தயாராகும் புதுக் கார்களில், சென்ட்ரல் லாக் வேலை செய்யாவிட்டாலும் உள்ளிருப்பவர் கையால் கதவைத் திறக்க வழி இருக்க வேண்டும் என்பது கட்டாயம். வாடகை வண்டிகளின் பின்கதவில் சைல்டு லாக் கூடாது என்ற விதியும் அதையொட்டி வந்தது. சந்துக் கடைக்காரர் ஒருவர் அதற்கு இருபது வருஷம் முன்பே இதைப் பிடிவாதமாகக் கடைப்பிடித்தார். மோட்டாரை நம்பி ஒருவரை உள்ளே அடைக்கக் கூடாது என்பது அவருக்குச் சட்டம் சொல்லித் தெரிய வேண்டியிருக்கவில்லை.

தொழில் படுத்ததற்கு யாரையும் குறை சொல்ல முடியாது. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையிலிருந்து சான்ட்ரோ, 1999-இல் மறைமலை நகரிலிருந்து ஃபோர்டு என்று வரிசையாக வந்த வண்டிகளில் விலை கூடிய மாடலுக்கு லாக் கம்பெனியிலேயே வந்தது. விலை குறைந்த மாடலை வெறுமனே விற்றவரைக்கும் எங்களுக்கு வாழ்வு. 2014-இல் மாருதி 800-உம் அம்பாசடரும் ஒரே வருஷத்தில் நின்றன. புது வண்டியில் டேஷ்போர்டுக்குள் கம்ப்யூட்டர். வயரில் கத்தி வைத்தால் வாரன்ட்டி போச்சு என்று ஷோரூமில் மிரட்டி அனுப்புவார்கள்.

கடைசியாக ஒரு அலை அடித்தது, 2015 டிசம்பர் வெள்ளத்தில். வேளச்சேரி, முடிச்சூர் பக்கமிருந்து டோ பண்ணிக் கொண்டுவந்த வண்டிகளில், டிரைவர் கால்மாட்டில் இருக்கும் யூனிட் ஊறிப்போயிருந்தது. பாதி காய்ந்த நிலையில் அது ராத்திரி முழுக்கத் தானே பூட்டித் தானே திறந்துகொண்டிருக்கும். வண்டியில் ஏதோ பிடித்திருக்கிறது என்று எலுமிச்சம்பழம் கட்டியே கொண்டுவந்தார் ஒருவர். சுரங்கப்பாதைத் தண்ணீரில் மாட்டினால் லாக் திறக்குமா என்று அப்போது கேட்காத ஆளில்லை. லாக் பெரும்பாலும் திறந்துவிடும் சார், கதவைத் திறக்க விடாமல் அழுத்துவது வெளித் தண்ணீர். அது ஏறுவதற்குள் கண்ணாடியை இறக்கிவிட்டு வெளியே வாருங்கள் என்பேன். இப்போது வருகிற வேலையில் மோட்டாரைத் தனியாக மாற்ற முடிவதில்லை, பூட்டோடு சேர்த்து ஒரே உருப்படி. சில வண்டிகளில் உள் கைப்பிடியை இரண்டு தரம் இழுத்தால் முதல் இழுப்பில் லாக் விடும், அடுத்ததில் கதவு திறக்கும். ஓட்டுகிறவர்களில் பலருக்கே இது தெரியாததால், பில் கொடுக்கும்போது கூட வந்திருக்கும் பிள்ளைகளை உட்காரவைத்து இழுக்கச் சொல்லிவிட்டுத்தான் வண்டியை விடுகிறேன்.