கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை வந்த கதை



வயிற்றுக் கொழுப்பைக் குழாய் வைத்து உறிஞ்சிவிட்டால் உடம்பு இளைத்துவிடும், இனிப்பு நீரும் போய்விடும் என்ற பேச்சு இப்போது நம் தோட்டத்து லயங்களிலும் கேட்கிறது. 'லைபோசக்‌ஷன்' எனப்படும் அந்த அறுவை சிகிச்சை எப்படி வந்தது, அதில் என்ன நடக்கிறது என்பதை இன்று பார்ப்போம்.

இதன் தொடக்கம் துயரமானது. 1920களில் பிரான்ஸ் நாட்டில் சார்ல்ஸ் துஜாரியே என்ற மருத்துவர், நடன மங்கை ஒருவரின் கால்களை மெலியவைக்க முயன்றார். கருப்பையைச் சுரண்டும் கருவியால் கொழுப்பைச் சுரண்டியபோது பெரிய இரத்தக் குழாய் ஒன்று சேதமடைந்தது. கால் அழுகியது, அதை வெட்டி எடுக்க நேர்ந்தது. பால் வெட்டிய கைகளுக்கு இது நன்றாகப் புரியும். கத்தி சற்று ஆழமாகப் போனாலும் மரம் காயப்பட்டுவிடும் அல்லவா? அதன்பின் பல ஆண்டுகள் மருத்துவர்கள் இம்முயற்சியில் இறங்கத் தயங்கினர்.

1970களின் நடுவில் ரோம் நகரில் ஆர்ப்பாட் பிஷரும் அவர் மகன் ஜார்ஜியோ பிஷரும், சிறு துளை வழியே குழாயைச் செலுத்திக் கொழுப்பை உறிஞ்சும் முறையை உருவாக்கினர். 1977இல் பாரிஸ் மருத்துவர் இவ் ஜெரார் இல்லூஸ், முனை மழுங்கிய குழாயைப் பயன்படுத்தினார். கூரிய கருவியைவிட இது இரத்தக் குழாய்களுக்கும் நரம்புகளுக்கும் குறைவான சேதமே செய்தது. ஆனாலும் இரத்த இழப்பு ஒரு தொல்லையாகவே இருந்தது. 1987இல் கலிபோர்னியாவைச் சேர்ந்த தோல் மருத்துவர் ஜெப்ரி கிளைன் அதற்கு ஒரு வழியை வெளியிட்டார். மரத்துப்போகும் மருந்தையும் இரத்தக் குழாயைச் சுருக்கும் மருந்தையும் மிகுதியான உப்பு நீரில் கலந்து, முதலில் கொழுப்புப் பகுதியில் நிரப்புவதே அவர் முறை. வலியும் குறைந்தது, இரத்தப் போக்கும் குறைந்தது.

இன்று நடப்பதும் இதுதான். நோயாளியை நிற்கவைத்துத் தோலில் கோடு போடுவார்கள். மருந்து நீரை ஏற்றிச் சற்றுக் காத்திருப்பார்கள். சிறு துளை வழியே குழாயை முன்னும் பின்னும் அசைத்துக் கொழுப்பை உறிஞ்சுவார்கள். ஓரிரு நாள் துளைகளில் நீர் கசியும். வீக்கமும் கன்றிப்போன நிறமும் சில வாரங்கள் இருக்கும். இறுக்கமான உடை அணிய வேண்டும். உண்மையான வடிவம் தெரியச் சில மாதங்களாகும்.

ஆபத்து அடியோடு நீங்கிவிட்டதா? இல்லை. அமெரிக்க மருத்துவர்களிடையே எடுக்கப்பட்டு 2000ஆம் ஆண்டில் வெளியான கணக்கெடுப்பின்படி, ஏறத்தாழ 5,000 சிகிச்சைக்கு ஓர் உயிர் போயிருந்தது. உறைந்த இரத்தம் நுரையீரலை அடைத்ததே முதன்மைக் காரணம். ஆகவேதான் சிகிச்சை முடிந்ததும் எழுந்து நடமாடச் சொல்கிறார்கள். மூச்சுத் திணறலோ, கெண்டைக்காலில் வலியும் வீக்கமுமோ, காய்ச்சலோ கண்டால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இனிப்பு நீர் போய்விடுமா? 2004இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வு இதற்கு விடை சொன்னது. பருமனான 15 பெண்களிடமிருந்து ஏறத்தாழ 10 கிலோ கொழுப்பை எடுத்து, சில வாரங்களுக்குப் பின் சோதித்தார்கள். இரத்தச் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சீரடையவில்லை. உறிஞ்சப்படுவது தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பு மட்டுமே. குடலைச் சுற்றியுள்ள கொழுப்பு அப்படியே இருக்கிறது. இது வடிவத்தை மாற்றும் சிகிச்சை; நோயைத் தீர்ப்பதன்று.

நம் நாட்டிலும் ஒரு பாடம் உண்டு. 2020இல் கோலாலம்பூரில் ஓர் அழகு நிலையத்தில் இச்சிகிச்சை செய்துகொண்ட இளம் பெண் ஒருவர் உயிரிழந்தார். தாய்மார்களே, தங்கைகளே! குறைந்த வெள்ளிக்குச் செய்து தருகிறோம் என்று யாராவது அழைத்தால், "செய்பவர் பதிவு பெற்ற அறுவை மருத்துவரா? இடம் அனுமதி பெற்ற மருத்துவமனையா?" என்று முதலில் கேளுங்கள். ஒரு நடன மங்கை காலை இழந்து உலகுக்குக் கற்பித்த பாடத்தை, நாம் கேட்டே கற்றுக்கொள்ளலாம்.