இறைச்சிக் கோழிக்கான ஸ்ராட்டர் தீன்: கொடிகாமம்

புறொயிலர் குஞ்சுக்கு முதல் நாளிலிருந்து 10 நாள் வரையோ, சில பண்ணைகளில் 21 நாள் வரையோ கொடுக்கும் நொறுக்குத் தீன் ஸ்ராட்டர். அதன் பிறகு குறோவர், பினிஷர். தென்மராட்சியில், ஏ9 வீதியில் பருத்தித்துறை வீதி பிரியும் இடத்தில் உள்ள சந்தை ஊரான கொடிகாமத்துக்குப் பெரிய ஆலைகளின் தீன் தெற்கிலிருந்து லொறியில் வருகிறது. 2006 ஆகஸ்டில் முகமாலையில் இந்த வீதி மூடப்பட்டபின் 2009 வரை குடாநாட்டுக்கான சரக்கு பெரும்பாலும் கப்பலையே நம்பியிருந்தது. 2022 நெருக்கடியில், டொலர் தட்டுப்பாட்டால் சோளமும் சோயாவும் போதிய அளவு வராமல் தீன் விலை ஏறியது.

பிறிமா, கோல்ட் கொயின், சீஐசி போன்ற பெயர்களில் விற்கும் தீன்களை மூட்டை விலையைப் பார்த்து ஒப்பிடுவதே வழக்கம். ஸ்ராட்டரைப் பொறுத்தவரை இது பிழையான அளவுகோல். முதல் 10 நாளில் ஒரு குஞ்சு தின்பது ஏறத்தாழ 300 கிராம். 35 நாளில் தின்பதோ 3 கிலோவுக்கு மேல். ஆகவே ஸ்ராட்டர் 10 வீதம் மலிவாகக் கிடைத்தாலும் மொத்தத் தீன் செலவில் மிச்சம் 1 வீதமளவே. முதல் வாரத்தில் குடலும் எலும்பும் வளராமல் பிந்திய குஞ்சைப் பினிஷர் கொடுத்து மீட்பது கடினம்.

மூட்டையில் முதலில் கண்ணில் படுவது புரத வீதம். அமெரிக்க தேசிய ஆராய்ச்சி மன்றம் 1994இல் முதல் 3 வாரத்துக்கு 23 வீதப் புரதம், 1.1 வீத லைசின், 0.5 வீத மெதியோனின், 1 வீதக் கல்சியம் என வரையறுத்தது. இன்றைய கொப், ரொஸ் இனங்களுக்கு இதைவிடக் கூடிய லைசின் பரிந்துரைக்கப்படுகிறது. புரதம் ஒன்றாக இருந்தும் லைசின் குறைந்தால் வளர்ச்சி குறையும். தேங்காய்ப் பிண்ணாக்கைக் கலந்து ஸ்ராட்டரை நீட்டுவது இதனால்தான் நட்டம்: அதில் லைசின் குறைவு, நார் கூட. முட்டைக் கோழித் தீனை இறைச்சிக் குஞ்சுக்குப் போடுவது அதைவிட மோசம், அதிலுள்ள 3.5 வீதத்துக்கு மேற்பட்ட கல்சியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இரத்தக் கழிச்சலைத் தடுக்கும் மருந்து சில தீன்களில் சேர்ந்திருக்கும். சலினோமைசின் அல்லது மொனென்சின் உள்ள தீன் தின்னும் குஞ்சுக்குத் தியாமுலின் கொடுத்தால் நஞ்சாகும் என்பதால், தீனை மாற்றும்போது மருந்துப் பெயரை வாசித்தே ஆகவேண்டும். இலங்கையில் தீன் உற்பத்தியும் விற்பனையும் 1986ஆம் ஆண்டின் 15ஆம் இலக்க விலங்குத் தீன் சட்டத்துக்கு உட்பட்டவை.

கொடிகாமத்தில் பெயரைவிட உற்பத்தித் திகதிக்கே முதலிடம் கொடுக்கலாம். வெயிலில் கொழுப்பு காறி விற்றமின்கள் குறையும். மாரியில், கார்த்திகை மார்கழி ஈரத்தில், சோளத்தில் பூஞ்சணம் பிடித்து அஃப்ளாடொக்சின் உண்டாகும்; கண்ணுக்குப் பூஞ்சணம் தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கக்கூடும், ஈரலைத் தாக்கும். மூட்டையைச் சுவரில் சாத்தாமல் பலகை மேல் அடுக்கவேண்டும். வாங்கும்போது ஒரு பிடி எடுத்துக் கசக்கினால், நல்ல நொறுக்கு உள்ளங்கையில் மாவாகத் தங்காது. மா அதிகமானால் குஞ்சு பொறுக்கி உண்ணும், மிச்சம் உமியில் சிந்திப் போகும்.

இரண்டு தீனை ஒப்பிட, ஒரே நாள் பொரித்த குஞ்சுகளை ஒரே சூட்டில் இரு பிரிவாக வளர்க்கலாம். குஞ்சுகளைக் கூட்டில் விட்டு 24 மணித்தியாலத்தில் கழுத்தடியிலுள்ள தீனிப்பையைத் தொட்டால் கஞ்சிபோல் மெத்தென்று நிறைந்திருக்க வேண்டும். கடினமாக இருந்தால் தண்ணீர் போதவில்லை, குறை தீனில் இல்லை. 40 கிராம் குஞ்சு 7ஆம் நாளில் 160 கிராமைத் தாண்டவேண்டும். விற்கும் நாளில், தின்ற தீனின் மொத்த விலையை உயிர் எடையால் வகுத்தால் வரும் ஒரு கிலோவுக்கான செலவே இரண்டு தீனுக்கும் பொதுவான அளவு.