ஓடுவோனின் மூச்சை அளந்த வரலாறு

ஓட்டப் போட்டியில் வென்றவன் யார் என்பதைக் கடிகாரம் சொல்லும். வெல்லும் ஆற்றல் அவனுக்கு எங்கிருந்து வந்தது என்பதைச் சொல்லாது. அவ்வினாவுக்கு விடை தேடியவர்களுள் முதன்மையானவர், 1922ஆம் ஆண்டுக்குரிய நோபெல் பரிசைப் பகிர்ந்துகொண்ட ஆங்கில உடற்றொழிலியல் அறிஞர் ஏ. வி. ஹில் ஆவார்.

மஞ்செஸ்ரர் பல்கலைக்கழகத்திற் பேராசிரியராயிருந்த அவர், தாமே ஓடித் தம்மையே சோதித்தார். மூக்கை இடுக்கியால் அடைத்து, வாயிற் குழாயைக் கவ்வி, முதுகிற் காற்றுப்புகாத பையொன்றைச் சுமந்து புற்றரையில் ஓடினார். வெளிவிட்ட மூச்சு அப்பையிற் சேர்ந்தது. அதன் கனவளவையும் அதில் எஞ்சிய ஒட்சிசனையும் அளந்தால், உடல் செலவிட்ட ஒட்சிசன் எவ்வளவு என்பது கணக்கில் வந்துவிடும்.

வேகம் கூடக் கூட ஒட்சிசன் செலவும் கூடியது. ஆயினும், நிமிடத்துக்கு ஏறத்தாழ 4 லீற்றரை எட்டியதும் அவ்வேற்றம் நின்றது. அதற்குமேல் விரைந்து ஓடினால், மிகுதிச் சக்தியைத் தசைகள் ஒட்சிசனின்றியே பிறப்பிக்கவேண்டும். அப்பொழுது இரத்தத்தில் இலற்றிக் அமிலம் மிகும்; அந்நிலையில் நெடுநேரம் ஓடுதல் இயலாது. 1923இல் ஹில்லும் லப்ரனும் வெளியிட்ட இம்முடிவிலிருந்தே உச்ச ஒட்சிசன் உள்ளெடுப்பு என்னும் அளவுகோல் வளர்ந்தது.

1936இல் இரண்டு மைல் ஓட்டத்தில் உலக சாதனை நிலைநாட்டிய அமெரிக்கர் டொன் லாஷ், உடல்நிறையின் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் நிமிடத்துக்கு 81.5 மில்லிலீற்றர் ஒட்சிசன் கொண்டதாக ஹார்வார்ட் ஆய்வாளர் 1937இல் அறிவித்தனர். உச்ச அளவே ஓட்டத்தின் இரகசியம் என்று எண்ணுதற்கு அஃது இடமளித்தது.

அவ்வெண்ணத்தைத் திருத்தியவர் அவுஸ்திரேலிய வீரர் டெரெக் கிளேற்றன். 1967இல் யப்பானின் புக்குவோக்கா நகரில், மரதன் ஓட்டத்தை 2 மணி 10 நிமிடத்துக்குள் முடித்த முதல் மனிதர் அவரே. பின்னர் அவரைச் சோதித்தபோது கிடைத்த உச்ச அளவோ 70 மில்லிலீற்றரை ஒட்டியதே. ஆனால், அவ்வுச்சத்தின் ஏறத்தாழ 86 சதவீதத்தில் அவரால் மரதன் தூரம் முழுவதையும் ஓட முடிந்தது. அன்றியும், ஒரே வேகத்தில் ஓடப் பிறரினும் குறைந்த ஒட்சிசனே அவருக்குப் போதுமாயிருந்தது.

இதனாலேயே இன்றைய சோதனைகள் உச்ச அளவோடு நில்லாமல், எந்த வேகத்தில் இலற்றிக் அமிலம் மிகத் தொடங்குகின்றது என்பதையும் துளி இரத்தமெடுத்து ஆராய்கின்றன. தக்க பயிற்சியால் அவ்வெல்லை உயரும். ஒற்றை எண்ணை நம்பி ஓர் இளைஞனை ஒதுக்கும் பயிற்சியாளர், மற்றொரு கிளேற்றனை இழக்கக்கூடும்.