தேன்சிட்டும் தேசாதிபதியும்

வட அமெரிக்காவில் வாழும் நம்மவர் சிலர், வீட்டின் பின்வளவிலே சர்க்கரைக் கரைசல் நிரப்பிய போத்தலைத் தொங்கவிட்டு, ரீங்காரச் சிட்டுகளைப் படம்பிடிக்கப் பழகுகின்றனர். அமெரிக்கக் கண்டங்களுக்கு வெளியே அப்பறவை இயற்கையில் இல்லை. கொழும்பு கொச்சிக்கடையில் நமக்கு வாய்த்தது தேன்சிட்டு. அதற்குப் போத்தலும் வேண்டியதில்லை. மாடித் தொட்டியில் ஒரு செவ்வரத்தை போதும்.

ரீங்காரச் சிட்டு அந்தரத்தில் நின்றபடி தேனருந்தும். தேன்சிட்டோ பெரும்பாலும் காம்பைப் பற்றி அமர்ந்தே அருந்தும். ஆகவே பறவையைத் துரத்தாது, பூவின்மீது கமராவைக் குவித்துக் காத்திருத்தல் வேண்டும் என்பதை நான் தாமதமாகவே கற்றேன். ஆண் பறவை நிழலில் வெறும் கறுப்பு. காலை வெயில் நம் முதுகுப்புறமிருந்து அதன்மேல் விழும்போதே ஊதாவும் பச்சையும் மின்னும். அந்த மினுக்கம் சாயத்தால் வருவதன்று. இறகின் நுண்ணமைப்பில் ஒளிபட்டுத் தோன்றுவது.

நீண்டு வளைந்த அலகுடைய இவ்வினத்தின் ஆங்கிலப் பெயர் 'லோட்டனின் தேன்சிட்டு'. ஜோன் கிடியோன் லோட்டன் 1752 முதல் 1757 வரை இலங்கையின் ஒல்லாந்தத் தேசாதிபதியாக இருந்தவர். கொச்சிக்கடைக்கு அண்மையிலுள்ள வுல்பெண்டால் தேவாலயம் கட்டி முடிக்கப்பட்டதும் அவர் காலத்திலேயே. பறவைகளில் பெருவிருப்புக் கொண்டிருந்த அவரது பெயரை, 1766இல் லின்னேயஸ் இச்சிட்டுக்குச் சூட்டினார்.

ஆனால் லோட்டனுக்காக இத்தீவின் பறவைகளை நேரிற் கண்டு வரைந்தவர் வேறொருவர். பீற்றர் கொர்னேலிஸ் டி பெவெரே என்ற அவர், கலப்பு வம்சாவளியில் வந்த ஓவியர். கமரா இல்லாத நூற்றாண்டில், அசையும் உயிரைத் தூரிகையால் நிறுத்தி வைத்தவர். அவரது ஓவியங்கள் இன்று லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் உள்ளன. ஓவியம் தீட்டப் பணித்தவரின் பெயர் பறவையோடு பறக்கின்றது. தீட்டியவரின் பெயரை ஆய்வாளரே அறிவர்.

இதை எழுதுகையில் என் மனம் உறுத்துகின்றது. பத்திரிகையில் என் கட்டுரைகளுக்கு உயிரூட்டிய எத்தனையோ படங்களின் கீழ் எடுத்தவர் பெயர் இருந்ததில்லை. என் பெயர் மட்டும் தவறாது இருந்தது. அதை நான் ஒருநாளும் கேள்விக்குட்படுத்தியதுமில்லை. ஒரு சிட்டுக்காகச் செவ்வரத்தையின் முன்னே மணிக்கணக்கில் காத்து நின்றபோதுதான், ஒரு படத்துக்குப் பின்னாலுள்ள உழைப்பு எனக்குப் புரிந்தது.